வெட்டாத கேக்

இரண்டாயிரத்து நாலாக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். தீபாவளி வியாபாரம் முடிந்து, ஆரணியில் பட்டுக்காரர்கள் எல்லாம் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். சென்னைக்குச் சேலை கொண்டுபோன என் கணவர், என்னையும் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த மகளையும் காரில் அழைத்துக்கொண்டு போனார். சேலை ஒரு சாக்கு. புதிதாகத் திறந்திருந்த ஒரு நட்சத்திர ஹோட்டலில் சாப்பிட வேண்டும், அதுதான் விஷயம்.

அவருக்கு அது ஒரு பைத்தியம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வேலூரில் ஓர் ஏ.சி. ஹோட்டலில் ஆரம்பித்தது. அப்புறம் நூல் வாங்கப் போகிற சாக்கில் பெங்களூர். எங்கே போனாலும் உட்கார்ந்தவுடன் மேஜை விரிப்பைத் தடவிப் பார்ப்பார், கைத்துண்டைப் புரட்டி நெசவு பார்ப்பார். சாப்பாடெல்லாம் அப்புறம்தான். திரும்பி வருகிற வழியெல்லாம் மார்க் போடுவார். வேலூரில் குருமா பிரமாதம், ஆனால் ஏ.சி. தலையில் சொட்டியது. பெங்களூரில் பியானோ வாசித்தார்கள், ஆனால் ரசம் கேட்டதற்கு மிளகுத்தூள் போட்ட சூப்பைக் கொண்டுவந்தார்கள். நானும் மகளும் விடாமல் எதிர்வாதம் செய்வோம். சாப்பிட்டதைவிட அந்தச் சண்டைதான் எங்களுக்கு ருசி.

இதற்கிடையில் அவருக்குச் சர்க்கரை வந்து, இன்சுலின் வரைக்கும் போய்விட்டது. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். ஆரணியில் இது ஒரு பிரச்னையே இல்லை. எங்கள் ஊர் ஹோட்டலில் உட்காரும்போதே இலை விழும், தண்ணீர் தெளித்துத் துடைப்பதற்குள் இட்லி வந்துவிடும். அந்தப் பழக்கத்திலேயே, சென்னை ஹோட்டலில் நுழைந்ததும் கழிவறைக்குப் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் பிஸ்கெட்டையும் காரிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

“இவ்ளோ பெரிய ஓட்டலுக்கு பிஸ்கெட் பாக்கெட்டை எட்துகினு வருவியா? மானத்தை வாங்காத.”

மேஜை காலியாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். மெனு அட்டை வந்தது. அதைப் படிக்கத் தனியாக ஒரு டியூஷன் வைக்க வேண்டும். ஆர்டர் வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான். எங்கள் முன்னால் தண்ணீரும் ஒரு ரோஜாப்பூவும் மட்டும்.

“ஏங்க, எதையாவது ஜல்தியா கொண்டாரச் சொல்லுங்க.”

“சும்மா இரு. புதுசா செஞ்சிகினு இருக்காங்க. அதுக்கே ஒரு மார்க் சேத்துப் போடணும்.”

பக்கத்து மேஜையில் ஒரு குழந்தையின் பிறந்தநாள். குழந்தையின் அம்மா நல்ல கெட்டி ஜரிகைப் பட்டு கட்டியிருந்தார். இங்கிலீஷில் பேச்சும் சிரிப்புமாக இருந்தவர், அடிக்கடி எங்கள் மேஜையைத் திரும்பிப் பார்த்தார். இவர் துணியைப் புரட்டுகிற அழகைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் கணவர் பேச்சை நிறுத்தியதைக் கவனித்தேன். கைத்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை கொட்டியது. மகள் “அப்பா, அப்பா” என்று உலுக்கினாள். அவளை யாரோ எவரோ மாதிரி பார்த்தார். “சர்க்கரை! கொஞ்சம் சர்க்கரை குடுங்க!” என்று கத்தினேன். பரிமாறுபவர் பதறிப்போய் ஓடினார், பாவம். சமையலறை எந்தக் கோடியில் இருந்ததோ. பிஸ்கெட் இருந்த காரையும் ஹோட்டல் ஆட்களே எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

பக்கத்து மேஜை அம்மா எழுந்து வந்தார். “இன்சுலினா?” என்றார். தலையாட்டினேன். அவ்வளவுதான். மெழுகுவத்தி ஏற்றத் தயாராக வைத்திருந்த கேக்கில் வெறுங்கையை விட்டு, மேலே இருந்த க்ரீமை அப்படியே வழித்தார். குழந்தையின் பெயரில் பாதி அவர் கையோடு வந்துவிட்டது. தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, என் கணவர் வாயில் ஊட்டினார்.

“முழுங்குங்க சார். அவ்ளோதான். இன்னும் கொஞ்சம்.”

க்ரீம் வழிந்து அவர் முந்தானையில் இறங்கியது. அந்த நிலைமையிலும் என் கண்ணுக்கு அது பட்டது. பட்டுக்காரர் வீட்டுக் கண் அப்படித்தான். அந்த அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சர்க்கரையும் வந்துசேர்ந்து, அதைக் கரைத்துக் குடித்தபின் கணவர் மெதுவாகத் தெளிந்தார்.

“இன்னா ஆச்சு? எல்லாரும் ஏன் நின்னுகினு இருக்கீங்க?”

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். “எங்க அப்பாவும் ஊசி போட்டுக்கறவர்தாங்க. சார் கையில பஞ்சோட வந்தப்பவே புரிஞ்சுபோச்சு. உங்க டேபிளுக்கு இன்னும் சாப்பாடு வரலையேன்னுதான் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டு இருந்தேன்.” எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்தக் குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த பக்கத்தில் மெழுகுவத்தியைச் செருகி ஏற்றினார்கள். இரண்டு மேஜைகளும் சேர்ந்து பாடினோம். பலமாகக் கை தட்டியது என் கணவர்தான். அப்புறம் எங்களுக்கு என்ன சாப்பாடு வந்தது, எப்படி இருந்தது என்பது எங்கள் மூன்று பேருக்கும் நினைவில்லை.

அவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் இப்போது நன்றாக வளர்ந்திருப்பாள். ஆசையாகக் காத்திருந்த கேக்கை வெட்டுவதற்குள் அம்மா பிய்த்துவிட்டாளே என்ற கோபம் அவளுக்கு இன்னும் இருந்தால், ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: அன்றைக்கு உனக்கு ஒரு வயதுதான் கூடியது கண்ணு, எங்கள் வீட்டு மனிதருக்கு அதற்குப் பிறகு வந்த அத்தனை வயதும் அந்த மேஜையில் கூடியதுதான்.