தாடியோட களத்தடியில

எனக்கு முதல் மயிர் முளைச்சது மேலுதட்டில இல்ல, இடப்பக்கத் தாடைக்குக் கீழ. ஒரே ஒரு மயிர். பதினாறு வயசிருக்கும். அரிசி கழுவின ஈரக்கையால கழுத்தைத் தடவேக்கதான் தட்டுப்பட்டுது. நகத்தால பிடிச்சு இழுத்தன், வரல்ல. ஊரில என்ட வயசுப் பொடியன்மார் மேலுதட்டில கரி பூசி, மீசை வந்தா எப்பிடியிருக்கும் எண்டு பாத்துத் திரிஞ்ச காலம் அது. எனக்கெண்டா, என்ட முகத்தில என்னைக் கேக்காம ஆரோ ஒருத்தன் குடிவந்த மாதிரி இருந்துது.

நான் பொம்பிளை. ஊருக்குத்தான் பொடியன். இப்ப இதை லேசா எழுதிப்போட்டன். அப்ப வாய் திறந்து சொல்ல ஒரு நல்ல சொல்லு கிடைக்கல்ல. ஊரிட்ட சொல்லு நிறையக் கிடந்துது, எல்லாம் வசை. அதுகள் ஒண்டையும் நான் இதில எழுத மாட்டன். எழுதி அதுகளுக்குப் பாய் விரிக்க எனக்கென்ன தலைவிதியா?

என்னைக் காப்பாத்தினது அப்பாட முள்ளுவாங்கி. வயல்காரர் எல்லாரும் அரையில அதைக் கட்டியிருப்பாங்க, காலில முள்ளுத் தைச்சா எடுக்க. அப்பா செத்த பிறகு அது குசினிக் கூரை வளையில தொங்கினது. காலம்பற அடுப்பு மூட்டினவுடன நான் அதை எடுப்பன். சாம்பலைத் தாடையில தடவினா மயிர் வழுக்காது. ஒவ்வொண்டா, வேரோட. கண்ணால தண்ணி ஓடும். மறுகா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசுவன். ஒருக்கா அண்ணன்ட சவரக்கத்தியால வழிச்சும் பாத்தன். ரெண்டாம் நாள் தாடை முழுக்கப் பச்சையா, சொரசொரவெண்டு நிண்டுது. அதோட அந்தக் கத்தியை நான் தொடல்ல. நோவு எனக்குப் பெரிசில்ல, காலம்பற கையை வைச்சா முகம் என்ட முகமாக் கிடக்கவேணும்.

அம்மா கண்டவ. கண்டுகொண்டு மற்றப்பக்கம் கிறுகித் தேங்காய் திருவுவா. ஒரு நாளும் கேக்கவுமில்ல, தடுக்கவுமில்ல. ஆறு வருஷம் அப்பிடிப் போச்சு. நான் குசினியில சமைச்சன், பாய் இழைச்சன், கிணத்தடியில பொம்பிளையளோட நிண்டு கதைச்சன். அண்ணனுக்கு அது பிடிக்கல்ல, ஆனா வயலும் வேலையும் அவன்ட தலையில கிடந்ததால என்னைப் பாக்க அவனுக்கு நேரமுமில்ல.

காய்ச்சல் வந்து வீட்டுக்கு வீடு ஆக்கள் பாயில கிடந்த ஒரு வருஷம், என்னைப் பாக்க அவனுக்கு நேரம் வந்திட்டுது. எங்கட ஊர் ஆரையம்பதிப் பக்கம், எழுவான்கரையில. வயல் வாவிக்கு அங்கால, படுவான்கரையில. அந்த வட்டைக்கு, அதாவது அந்த வயல்வெளி முழுசுக்கும், தண்ணி பங்கிடுறதும் வழக்குத் தீக்கிறதும் வட்டைவிதானையார். அவருக்கு ஒரு மகள். அவளுக்கு என்னைக் கட்டிக் குடுக்கிறதெண்டு அண்ணன் பேசி முடிச்சிட்டான். அவர் கேட்டது ஒண்டுதானாம்: வெட்டின கதிரை மாடு விட்டு மிதிச்சுச் சூடடிக்கிற அண்டைக்கு, மாப்பிள்ளையைக் களத்தில ஆம்பிளையோட ஆம்பிளையாக் காணவேணும்.

அண்டைக்கே அண்ணன் முள்ளுவாங்கியை எடுத்துத் தன்ட அரையில கட்டிக்கொண்டான், சவரக்கத்தியையும் ஒளிச்சிட்டான். சூடடிக்கப் பதினொரு நாள் கிடந்துது. அதுக்குள்ள எனக்குத் தாடி வளரவேணும், அதுதான் அவன்ட கணக்கு. நான் நகத்தால பிடுங்கினன், பல்லுப்போன சீப்பால சுரண்டினன். தோல் உரிஞ்சுது, மயிர் நிண்டுது. அம்மாட்டப் போய் அழுதன். அவ என்ட தலையைத் தடவிப்போட்டுச் சொன்னா:

"இந்த ஒரு போகத்துக்கு மட்டும் ஆம்பிளையா இரு, மனே."

என்ட வாழ்க்கையில நான் அம்மாவை வெறுத்தது அந்த ஒரு நாள்தான். ஒரு போகம் ஆம்பிளையா நிண்டா, அடுத்தது தாலி, அடுத்தது அந்தப் புள்ளையின்ட வீட்டில மாப்பிள்ளை. ஒண்டுமறியாத அவளும் என்னோட சேந்து நாசமாப் போவாள். ஒரு போகமாம்.

எங்கட பக்கத்தில களவெட்டியெண்டா, அதுதான் சூடடிக்கிற களம், கோயில் மாதிரி. செருப்போட மிதிக்கப்படாது. அதுக்குள்ள நெல்லை நெல்லெண்டு சொல்லப்படாது, பொலியெண்டுதான் சொல்லவேணும். பொம்பிளை காலே வைக்கப்படாது. வைச்சாப் பொலி குறைஞ்சிடும், பூதம் அள்ளிக்கொண்டு போயிடும் எண்டு நம்பிக்கை. பொம்பிளை வயலுக்க புல்லுப் பிடுங்கலாம், கதிர் பொறுக்கலாம், அடிக்கிறவங்களுக்குச் சோறாக்கிச் சுமந்து குடுக்கலாம். நெல்லு வந்து குவியிற இடத்தில மட்டும் அவள் தீட்டு. நியாயங்கெட்ட சட்டம். ஆனா தோணியில வாவியைக் கடக்கேக்க எனக்கு அந்தச் சட்டம்தான் மனதில ஓடினது. அண்ணன் முன்னால நிண்டு கம்பு ஊண்டித் தோணியைத் தாங்கினான். நான் தாடையைச் சொறிஞ்சுகொண்டு பின்னால இருந்தன்.

நாங்க போகேக்க காலைவெயில் ஏறியிருந்துது. சாணம் மெழுகின வட்டத்துக்க சூட்டுக் கதிரைப் பரப்பிப்போட்டு, மாடு வளைக்க ஆக்கள் ஆயத்தமா நிண்டாங்க. வட்டைவிதானையார் நடுக்கம்பத்தடியில. என்ட தாடியைக் கண்டோண்ண அவர்ட முகத்தில திருப்தி. வா மாப்பிள்ளை எண்டு ஒருத்தன் பகிடி விட்டான். அண்ணன் உள்ள போயிட்டான். நான் சாண மெழுக்கு முடியிற இடத்தில, காலை வெளியில வைச்சுக்கொண்டு நிண்டன். வரச் சொல்லிக் கைகாட்டினாங்க. நான் காலை எடுக்காமச் சொன்னன்:

"பொம்பிளை மிதிச்சாக் களம் பொலியாது எண்டு சொல்லுறது நீங்கதான். நான் பொம்பிளை. வரச் சொன்னா வாறன். பொலி குறைஞ்சா வட்டைவிதானையார்தான் பொறுப்பு."

முதல்ல சிரிச்சாங்க. மறுகா சிரிப்பு அப்பிடியே அடங்கிப்போச்சு. எல்லாரும் வட்டைவிதானையாரைப் பாத்தாங்க. வீட்டுக்கு வீடு காய்ச்சல், அந்த முறை விளைச்சலும் அரைகுறை, களத்தில கிடக்கிறது எல்லார்ட வருஷச் சோறும். அண்ணன் பாய்ஞ்சு வந்து என்ட கையைப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்தான். காலைக் குத்தி நிண்டன். எனக்குக் காய்ச்சலில மூளை பிசகிப்போச்செண்டும், இந்தத் தாடியைப் பாத்தும் சந்தேகமா எண்டும் அவன் அவரிட்டக் கேட்டான். அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். கண்ணை நான் எடுக்கல்ல. என்ட தாடி அவருக்கு நல்லாத் தெரிஞ்சுது. ஆனா களம் அதைவிடப் பெரிசு.

"கையை விடு," எண்டு அண்ணனுக்குச் சொன்னார். "அங்காலயே நிக்கட்டும்."

நான் அண்ணனுக்கு முன்னால கையை நீட்டி, அப்பாட முள்ளுவாங்கியைத் தா எண்டன். அவன் அரையில இருந்து அறுத்து என்ட காலடியில எறிஞ்சான். எடுத்துக்கொண்டு, பொம்பிளையள் சோத்துப்பானை இறக்கி வைக்கிற மருதமரத்தடிக்குப் போனன். கண்ணாடியில்ல, சாம்பலில்ல. வரம்பில கிடந்த காஞ்ச மண்ணைப் பொடிச்சுத் தாடையில தேய்ச்சன். அவங்க மாடு வளைச்சு வளைச்சுப் பொலி பாட, நான் அவங்கட கண்ணுக்கு முன்னால பதினொரு நாள் மயிரையும் பிடுங்கினன். தாடையெல்லாம் ரத்தம். எனக்குப் பாட்டு வந்துது.

கலியாணப் பேச்சு அதோட சரி. அண்ணன் என்னோட மூண்டு மாசம் முகம் குடுத்துப் பேசல்ல. அந்தப் புள்ள பிறகு தேற்றாத்தீவில வேறொருத்தனைக் கட்டி நல்லா இருந்தாள். கோயிலடியில என்னைக் கண்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஆனா அந்தப் போகம் பொலிஞ்சுது. ஆரும் எதிர்பாக்காத அளவுக்குப் பொலிஞ்சுது. ஏன் பொலிஞ்சுதெண்டு எனக்குத் தெரியாது, அவங்களுக்கு நல்லாத் தெரியும். அடுத்த வருஷம் சூடடிக்க முதல் வட்டைவிதானையாரே தோணி ஏறி எங்கட படலைக்கு வந்தார். உள்ள வரல்ல. போன முறை மிதிக்காம நிண்ட மாதிரி இந்த முறையும் என்னைக் களத்துக்குள்ள விட்டிடாதீங்க எண்டு அம்மாட்டச் சொன்னார்.

நான் குசினிக்க, தாடையில சாம்பலோட நிண்டன். அம்மா திருவின தேங்காயை வைச்சிட்டு எழும்பி வாசலுக்குப் போனா. அவட குரல் கோவமாத்தான் வந்துது.

"ஏன் விடப்போறம்? என்ட மகள் எப்பயாவது உங்கட களத்தை மிதிச்சவளா?"

அவர் போயிட்டார். அம்மா திரும்பி வந்து திருவலையில இருந்தா. இந்த முறை அவ மற்றப்பக்கம் கிறுகல்ல. கழுத்தடியில ரெண்டு மயிர் மிச்சம் கிடக்கெண்டு எனக்குக் காட்டினா.