ஒன்பதாம் புத்தகத்தை ஒளித்து வைத்தவள்

போன வாரம் முதலமடையிலிருந்து தெரிந்தவர் ஒருவர் ஒரு பெட்டி மாங்காய் கொடுத்தனுப்பியிருந்தார். பாதி செங்காய். கட்டிலுக்கடியில் வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலின் மேல் படுத்துக்கொண்டு அக்கா மகன் மொபைலில் மூழ்கியிருந்தான். என்னடா என்று கேட்டால், பத்துப் புத்தகம் நீளுகிற ஏதோ மாயாஜாலக் கதையாம். மூன்று படித்துவிட்டானாம். அடுத்த நாலுக்கும் சேர்த்து யாரோ பத்து நிமிஷத்தில் கதை சொல்கிற வீடியோ பார்க்கிறான்.

"நடுவுல ஒண்ணுமே நடக்காதுங் சித்தி. சும்மா இழுவ. நேரா எட்டாவதுக்குப் போயிருவேன்."

எனக்கு அவன்மேல் சுருக்கென்று பொறாமை வந்தது. என் சுபாவம் அப்படி. எனக்கு மற்றதெல்லாம் தாமதமாக வரும், பொறாமை மட்டும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடும். இப்படிக் குறுக்கு வழி ஒன்று அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தால், இதே போல வைக்கோலும் மாங்காயும் மணக்கிற கட்டிலடியில் ஒரு புத்தகத்தை ஐந்து மாதம் ஒளித்து வைத்திருக்க மாட்டேன்.

அப்போது நானும் மல்லிகாவும் எல்லையோரத்தில் ஒரு கிருஷி பவனில், அதாவது அரசாங்க விவசாய ஆபீசில், தற்காலிக வேலையில் இருந்தோம். விவசாயிகளின் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. இருவருக்கும் வடகரப்பதிப் பக்கம், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். வழியில் இருந்த வாசகசாலைக்கு, வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய நர்ஸம்மா ஒருவர் பதினாலு தடித்த ஆங்கிலப் புத்தகங்களைக் கொடுத்திருந்தார். பதினாலும் ஒரே கதை. கடல் வற்றிப்போன ஒரு ராஜ்யம். தண்ணீர் தேடிக் கிளம்பும் இளவரசி. அவளை வளர்த்த கிழட்டுத் தச்சன். முதல் புத்தகத்தைக் கண்டுபிடித்தவள் நான். மல்லிகாவின் கையில் திணித்தவளும் நான். இதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பிறகு யாருமே அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஐந்து வரைக்கும் அகராதியும் கையுமாக இரண்டு பேரும் பறந்தோம். ஆறாவதில் அவர்கள் ஒரு பள்ளத்தாக்கில் உட்கார்ந்து கிணறு வெட்ட ஆரம்பித்தார்கள். வெட்டினார்கள், வெட்டினார்கள், அறுநூறு பக்கத்துக்கு வெட்டினார்கள். சண்டை இல்லை, பூதம் இல்லை. மண்ணின் நிறம் மாறுவதற்கு ஓர் அத்தியாயம். எனக்குக் கொட்டாவியில் தாடை வலித்தது.

"கெணறுன்னா சும்மாவா புள்ள?" என்றாள் மல்லிகா. "எங்க தோட்டத்துல வெட்டுனப்ப ஒரு வருசமாச்சு. எங்கய்யன் தெனமும் மண்ண மோந்து பாத்துட்டுத்தான் சோறு உங்கும்."

அவள் ஆறைத் தாண்டி ஏழுக்குப் போனாள். நான் ஆறிலேயே நின்றேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் கல்பாத்தியிலிருந்து வித்யா மாற்றலாகி வந்து சேர்ந்தாள். நிரந்தர வேலை, திருத்தமான இங்கிலீஷ், போதாததற்கு அதே கதையில் அதே ஏழாவது புத்தகம். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் இருவரும் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார்கள். நான் கரையில் நின்றபடி தயிர்சாதம் தின்பேன். யாராவது கேட்டால் "நானும் படிச்சிட்டேன்" என்பேன்.

ஒருநாள் வித்யா சொன்னாள்: "அந்தத் தச்சன் போனப்பறம் நேக்கு ரெண்டு நாள் சாதமே எறங்கல, கேட்டயா."

போனான் என்றால் ஊருக்குப் போனான் என்று நினைத்துக்கொண்டு, "திரும்பி வந்தப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றேன்.

இருவரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். செத்தவன் எப்படித் திரும்பி வருவான்? மல்லிகா சட்டென்று, "எளவரசி கனவுல வந்தத சொல்றா" என்று ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினாள். வித்யா சிரித்தாள். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த ஊறுகாயைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் தனியாக வாசகசாலைக்குப் போய் ஒன்பதாவதை எடுத்துக்கொண்டேன். அவர்கள் இருவரும் எட்டை முடிக்கப்போகிற நேரம். "யார்கிட்டயும் சொல்லாதீங்ணா" என்று பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டேன். தை மாதத்தில் எடுத்தது. கெடு முடிய முடிய மறுபடி கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. மல்லிகா வாசகசாலைக்குப் போய்ப் போய் வெறுங்கையோடு வந்தாள். ஒவ்வொரு தடவையும் என் வயிற்றில் ஒரு குளிர்ச்சி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் குளிர்ச்சிதான்.

இதற்கிடையில் அவளுக்குத் திருப்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. வைகாசியில் கல்யாணம். வேலையை விட்ட கடைசி நாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"ஒம்பதாவது உன்றகிட்டத்தான் இருக்குது."

"யாரு சொன்னா?"

"வாசகசால நோட்டு மேசமேல தொறந்தேதான கெடக்குது. உன்ற கையெழுத்து எனக்குத் தெரியாதா? மாசியிலயே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீ அதுவரைக்கும் வந்து சேரட்டும்னுதான். வித்யா டவுன்ல வாங்கிட்டு வாறேன்னா. நாந்தான் வேண்டாம்னுட்டேன். மூணு பேரும் ஒண்ணாப் படிக்கலாம்னு சொன்னேன், அவளும் செரின்னுட்டா."

நியாயமாக நான் அந்த இடத்தில் அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? இவர்கள் இருவரும் என்னைப் பற்றித் தனியாகப் பேசியிருக்கிறார்கள் என்பதுதான். அழுகை வீட்டுக்கு வந்த பிறகு வந்தது.

மறுநாள் காலை புத்தகத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். அட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"நான் ஆறாவதுலயேதான் நிக்கறேன் மல்லி."

அவள் சிரித்த சிரிப்பில் சமையல்கட்டிலிருந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தார்கள். "அப்ப நீயே வெச்சுக்க. மொதல்ல கெணத்த வெட்டி முடி. நான் மறுக்கா வர்றப்ப பேசிக்கலாம்."

அவள் போன பிறகு வெட்டி முடித்தேன். ஆறு, ஏழு, எட்டு. தச்சன் கடைசிக் கூடை மண்ணை மேலே அனுப்பிவிட்டு ஈரத்தில் கையை வைக்கிறான். பக்கச் சுவர் சரிகிறது. அறுநூறு பக்கம் அவனோடு மண் சுமக்காதவளுக்கு அந்த ஈரம் வெறும் ஈரம். எனக்கும் சோறு இறங்கவில்லை. இதே இடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து அழுதிருக்கிறார்கள், நான் தனியாக அழுகிறேன் என்று அதிலும் ஒரு பொறாமை. சொல்லலாமென்று பார்த்தால் வித்யாவுக்கு ஒற்றப்பாலம் பக்கம் மாற்றல் ஆகியிருந்தது. பதினாலு வரைக்கும் தனியாகவே முடித்தேன். கடல் திரும்பி வந்ததா என்று என்னிடம் கேட்க ஆளில்லை.

வாசகசாலையின் கூரை ஒரு மழைக்காலத்தில் ஒழுகி, அலமாரியோடு அந்தப் பதினாலும் ஊறிப்போயின. இப்போது அந்த இடத்தில் போட்டோ ஸ்டாட் கடை. எங்கள் பஸ்ஸும் நின்றுபோய்விட்டது.

மாங்காயை அடுக்கி முடித்து, கையைக்கூடக் கழுவாமல் மல்லிகாவுக்குப் போன் போட்டேன். பொங்கல், தீபாவளிக்கு மட்டும் பேசிக்கொள்கிற பழக்கம். திகைத்துப் போனாள். நலம் விசாரித்து, ஊர்க்கதை பேசி, தைரியம் வந்த பிறகு கேட்டேன்:

"மல்லி, ஒம்பதாவது முடிச்சாச்சா?"

"ஒம்பதாவதா?" அவள் குரல் மலர்ந்தது. "பெரியவன் பன்னெண்டே முடிச்சிட்டான் புள்ள. சின்னவதான் இந்த வருசம் ஒம்பதாவது போறா."

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன்.