சிக் லைனில் நின்ற காரப் பிஸ்கட்டுகள்

அத்தான் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய இடது காதுதான். தலையைச் சற்றே சாய்த்து, காரம் பூசிய உப்பு பிஸ்கட் ஒன்றை விளிம்பில் இரு விரலால் பிடித்துக் காதோரம் கொண்டுபோய், மறுகை நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். கண்கள் மூடியிருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது. 'டிக்' என்று தெளிவாகக் கேட்டால் "பாஸ்" என்று டப்பாவில் போடுவார். சத்தம் மொத்தையாக இருந்தால் "சிக்" என்று பக்கத்துத் தட்டில் ஒதுக்கிவிடுவார்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஹைதராபாத்தின் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவர். ரயில் பெட்டியின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்வது அவர் வேலையில் ஒரு பகுதி. மணி போல ஒலித்தால் பெட்டி ஓடலாம். ஒலி மங்கினால் அதைத் தனித் தண்டவாளத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள். அதற்கு அவர்கள் பாஷையில் சிக் லைன், அதாவது நோயாளிப் பெட்டிகள் நிற்கும் இடம், என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மாரெட்பள்ளிக்குக் குடிவந்த பிறகும் எதையும் தட்டிப் பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. தேங்காய், தர்பூசணி, புதிதாக வாங்கிய கதவு எல்லாம் அந்தச் சோதனைக்கு உட்பட்டவைதான். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டு பெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்று அக்கா இன்றும் சொல்வாள்.

செய்முறையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உப்பு பிஸ்கட்டை அத்தான் தெருக்கோடி பேக்கரியில் வாங்குவார். கடலை எண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி, பூண்டை எடுத்துவிட்டு, ஆறியதும் மிளகாய்த்தூள், மிளகு, ஓமம், கொஞ்சம் மாங்காய்ப்பொடி கலக்க வேண்டும். பிஸ்கட்டுகளைத் தகர டப்பாவில் அடுக்கி, எண்ணெயை ஊற்றி மூடி, டப்பாவைப் படுக்கப் போட்டுக் கூடத்துத் தரையில் மெதுவாக உருட்ட வேண்டும். குலுக்கினால் உடைந்துவிடும். எண்ணெயைக் குடித்து முடித்ததும் கனமான தோசைக்கல்லில் சிறு தீயில் முறுக விட வேண்டும். கடைசியில்தான் காதுச் சோதனை. நமுத்தவை சிக் லைன் தட்டுக்குப் போகும். அந்தத் தட்டு என்னுடையது. வேலைக்காக ஹைதராபாத் வந்து பக்கத்துத் தெருவில் குடியிருந்த நான், ஞாயிறுதோறும் அதைத் தீர்த்துவைக்கவே போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு மழைக்காலத்தில் அந்தத் தட்டு நிரம்பத் தொடங்கியது. அடுத்த வாரம் தட்டு போதாமல் தாம்பாளம் வந்தது. அதற்கடுத்த வாரம் டப்பாவுக்குள் ஒரு பிஸ்கட்கூடப் போகவில்லை. "அத்தனையும் நமுத்துப் போச்சு மாப்ள," என்றார். நான் ஒன்றைக் கடித்தேன். பக்கத்து அறையிலிருந்த அக்காவுக்கே கேட்டிருக்கும், அவ்வளவு மொறுமொறுப்பு. சொன்னேன். "உனக்கு இளம்பல்லு. எதைக் கடிச்சாலும் மொறுமொறுங்கும்," என்று ஒதுக்கிவிட்டார்.

முதலில் மழையைக் குற்றம் சொன்னார். பிறகு எண்ணெயை மாற்றினார். தோசைக்கல்லில் இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று விட்டதில் பிஸ்கட்டுகள் கரி நிறத்துக்கு வந்தன. அப்போதும் "சிக்" என்றார். கடைசியில் என்னையும் இழுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனார். "கைக்கு மியா, ஏன் நமுத்த சரக்கா தர்றே?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். கல்லாவில் இருந்தவர், "நக்கோ சாப், அப்படிச் சொல்லாதீங்க, காலையில அடுப்புல இருந்து எடுத்தது," என்று ஒன்றை உடைத்துக் காட்டினார். அது உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அத்தான் அதே கோபத்தோடு நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் மெல்லச் சொன்னேன். "இப்பதான் கண்டுபிடிச்சியாக்கும்? ஒரு வருஷமா நான் கத்திக்கிட்டிருக்கேன். மாடி வீட்டு அம்மா, உங்க வீட்டுல தினம் சண்டையான்னு கேக்குறா," என்றாள். ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவருக்கு இருக்குற ஒரே கர்வம் அந்தக் காதுடா. அதை எப்படிச் சொல்றது? நீ சொல்லு. மச்சினனை அடிக்க மாட்டாரு."

அடுத்த ஞாயிறு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். போனதும் அத்தனையும் கலைந்துவிட்டது. அத்தான் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டிருந்தார். காபி குடித்து முடித்த எவர்சில்வர் டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். "இதையும் தட்டிப் பாருங்க அத்தான்."

வேடிக்கை என்று நினைத்து வாங்கினார். பழக்கப்படி விளிம்பில் பிடித்துச் சுண்டினார். கூடத்தில் அது கணீரென்று ஒலித்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு முறை சுண்டினார். காது மாற்றிச் சுண்டினார். அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அத்தான் நிதானமாகச் சொன்னார்: "டம்ளரும் நமுத்துப் போச்சு மாப்ள."

யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவரே முதலில் சிரித்தார்.

காது மிஷின் பொருத்தப் போன அன்று அக்காவும் நானும் கூடப் போனோம். போகிற வழியில் ஆட்டோவை பேக்கரி வாசலில் நிறுத்தச் சொல்லி, கல்லாக்காரரிடம் ஒன்றும் பேசாமல், வழக்கமாக வாங்குவதைப் போல இரு மடங்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டார். அவருடைய அகராதியில் மன்னிப்புக்கு அதற்கு மேல் வார்த்தை கிடையாது. மிஷினை மாட்டிய பெண், "சார், இப்போ நல்லா கேக்குதா?" என்றாள். அத்தான் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துச் சுண்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தலையை அண்ணாந்து மேலே பார்த்தார்.

"உங்க ஃபேன்ல பேரிங் தேஞ்சு போயிருக்கும்மா. மாத்தச் சொல்லுங்க," என்றார்.

அந்தப் பெண் விழித்தாள். அவருக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா, "போதும், வாங்க போகலாம்," என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் தன் இயல்பான குரலில் பேசியதை நான் அப்போதுதான் கேட்டேன். அத்தான் உடனே எழுந்துகொண்டார்.