நாலு விரல் உயரம்

ஆனந்தபாயைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய உயரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். உயரம் என்று சொல்ல அவளிடம் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அவள் கூடைப்பந்து ஆடக் கிளம்பியபோது உதியன்குளங்கரை ஜங்ஷனே சிரித்தது. அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த அவள் அப்பா எலியா மட்டும் பந்துக்குக் காற்றடித்துக் கொடுத்து, "நீ போ மக்கா, சிரிக்கவன் சிரிச்சிட்டுக் கெடக்கட்டும்" என்பார்.

தனுவச்சபுரத்தில் எங்கள் பள்ளிக்கு அந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர் டிரில் சொல்லிக்கொடுத்த ரத்னபாய் டீச்சர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, தரையில் தட்டிக்கொண்டேதான் போக வேண்டும் என்றபோது எங்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றியது. பக்கத்துக்கு ஐந்து பேர். இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. கூடையில் விழுந்தால் இரண்டு புள்ளி. ஐந்து முறை தவறாக இடித்தால் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இதைச் சேர்த்தார்களாம். இறுதிப் போட்டி அன்று மழை கொட்டி, சேற்றில் பந்து எழும்பவே இல்லையாம். சிலி நாட்டில் பெண்களுக்கென்றே உலகப் போட்டி நடந்த செய்தியையும் டீச்சர் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டி வைத்திருந்தார். "சிலியிலயும் வளையம் பத்தடி உயரமாக்கும், இங்கயும் பத்தடியாக்கும். எந்த நாட்டுக்காரி வந்தாலும் எந்த நாட்டுல போயும் ஆடலாம்" என்பார்.

அந்தப் பத்தடிக் கம்பத்தை நட்டவர் பொன்னப்பன் ஆசாரி, என் அப்பா. அதனால்தான் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1954 ஆகஸ்டில் எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. தமிழ் பேசும் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னையோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்திருந்தார்கள். எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவும் அந்தப் பட்டியலில் உண்டு. வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், கேட்டவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வோம். இந்தக் கலவரத்துக்கு நடுவே அக்டோபரில் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர்-கொச்சி பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் வந்தது. ரத்னபாய் டீச்சர் ஓய்வு பெறப் போகிறார். மாநில அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் அவருடைய வேலை, படிப்பை முடித்திருந்த ஆனந்தபாய்க்கு. இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து ஆள் வரும். அவளுக்கு வேறு வேலை எதுவும் வேண்டியிருக்கவில்லை, கனவில்கூடப் பந்து தட்டுகிறவள்.

அவளும் நானும் போனோம். காலம் கெட்டுக் கிடந்ததால் டீச்சரோடு அப்பாவும் துணைக்கு வந்தார். அளவெடுக்கும் முழக்கோலை எடுத்துக்கொண்டுதான் வந்தார். கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அது அவர் கையில் இருக்கும்.

முதல் பாதியில் ஆனந்தபாய் ஒன்பது முறை எறிந்தாள். ஒன்பதும் வளையத்தைத் தாண்டிப் பலகையில் மோதித் திரும்பின. எங்கள் மைதானத்தில் பத்துக்கு எட்டு போடுகிறவள். கைதட்டிச் சிரித்தார்கள், "பாண்டி" என்று தமிழரை இளக்காரமாகச் சொல்லும் சொல்லால் ஒருத்தி கத்தவும் செய்தாள். தேர்வுக்காரர் அவள் பெயருக்கு நேரே கோடு போட்டதை வெளியே மாற்று ஆளாக உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். இடைவேளையில் அவள் வந்து முகத்தை மூடிக்கொண்டு, "என் கை செத்துப்போச்சு, பிரேமா" என்றாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பெஞ்சை இழுத்துக்கொண்டு போய், மேலே ஏறி, கோலை வைத்து அளக்க ஆரம்பித்தார். கோலும் கையுமாக ஒரு தமிழன் கம்பத்தருகே ஏறி நிற்பதைக் கண்டு போலீஸ்காரர் ஓடி வந்தார். அப்பா அவரிடம் நல்ல மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு அளவை முடித்துத்தான் இறங்கினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

நடந்தது இதுதான். டீச்சர் சொன்ன பத்தடியை அப்பா தன் கோல் கணக்குக்கு மாற்றியபோது, அது அவர் சாஸ்திரத்தில் சாவைக் கொண்டுவரும் மரணக் கணக்காக வந்திருக்கிறது. வாசற்கால் என்றாலும் தூண் என்றாலும் அந்த அளவில் எந்த ஆசாரியும் நிறுத்த மாட்டார். அதிலும் இது பிள்ளைகள் ஓடி ஆடும் இடம். அதனால் நல்ல கணக்கு வரும்வரை நாலு விரல் கூட்டி நட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் மூன்று வருடம் அந்த உயரத்துக்கு எறிந்து பழகியிருந்தோம்.

ஆசாரிக்கு அளவு தப்பிற்று என்பதைவிடப் பெரிய அவமானம் இல்லை. அப்பா நேரே தேர்வுக்காரரிடம் போனார். "சாறே, இந்தக் கொச்சுப் பிள்ளை தப்பு செய்யல்ல. அளவு தப்பினது எனக்காக்கும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். நாலு விரலையும் சொன்னார், காரணத்தையும் சொன்னார். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா தலை குனியாமல் நின்றார். எனக்குத்தான் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

தேர்வுக்காரர் சிரிக்கவில்லை. "ரெண்டாம் பாதியும் அவள் களிக்கட்டே" என்று ஆட விட்டார்.

அப்பா ஆனந்தபாயிடம் வந்து, "மக்கா, உன் கை நல்ல கையாக்கும். நாலு விரல் கொறச்சுப் போடு" என்றார். முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. இரண்டாவது உள்ளே விழுந்தது. அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. உயரத்துக்கு எறிந்து பழகிய பந்து, நெட்டைப் பெண்களின் கைகளுக்கு மேலாகவே போயிற்று. பட்டியலில் கடைசிப் பெயராக அவளைச் சேர்த்தார்கள். என்னைச் சேர்க்கவில்லை, அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

அணி தோற்றுத்தான் திரும்பியது. ஆனாலும் சான்றிதழ் வந்தது, வேலையும் வந்தது. எல்லைக்கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்து நாங்கள் கேரளத்தில் நின்றபோதும் அவள் அதே மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அப்பாவுக்கு வேறு விதமாகப் போயிற்று. "நாலு விரல் ஆசாரி" என்று பெயர் விழுந்தது. பேசி வைத்திருந்த இரண்டு வீட்டு வேலை கைவிட்டுப் போயிற்று.

நவம்பரில் ஆனந்தபாயின் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, நானும் போயிருந்தேன். விளைந்ததைக் கொண்டுவந்து படைத்து, எதற்காக நன்றி என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். போதகர் அதைச் சபை முன்னால் வாசிப்பார். பரீட்சையில் தேறியதற்கு, பிரசவம் நன்றாக நடந்ததற்கு என்று வரும். ஆனந்தபாய் ஒரு ஏத்தன் வாழைக்குலை கொண்டுவந்து வைத்தாள். மாநில அணியில் எடுத்ததற்காக என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடி வந்தபோது அப்பா உளி தீட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, சர்ச்சுல உங்க பேர வாசிச்சாங்க" என்றேன்.

"என் பேரா? அங்க எதுக்கு?"

"ஆனந்தபாய் எழுதிக் குடுத்தது. 'என் பெயரைக் காப்பாற்றத் தன் பெயரைக் கொடுத்த பொன்னப்பன் ஆசாரிக்காக' எண்ணு."

அப்பா உளியைக் கீழே வைத்தார். "எல்லாரும் இருந்தாவளா?" என்று கேட்டார்.

"சர்ச்சு நெறைய ஆளு உண்டும் அப்பா."

அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.