மும்தாஜ் அக்கா கட்டிய தொட்டில்கள்

"ஸ்டெல்லா, அக்கா மவுத்தாயிட்டாக." போனில் மும்தாஜ் அக்காவின் தம்பி அந்தச் சாவுச் செய்தியைச் சொன்னபோது நான் காப்பகத்தில் பிள்ளைகளுக்குக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தது அழுகையல்ல, பயம். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போனது அக்காவை நம்பித்தானே? நாளைக்கு யாரை நம்பி விடுவார்கள்?

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், ஒப்பாரி அவருக்கு ஆகாது. "நீ மூக்கச் சிந்துற நேரத்துல ரெண்டு பிள்ளைக்கு மூக்கத் தொடைக்கலாம்லடி" என்பார். அதனால் இந்த அஞ்சலியைச் சந்தோஷமாகவே எழுதுகிறேன்.

வளைகுடாவில் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். எம்.ரெட்டியபட்டி ரோட்டில் அவருடைய அத்தா விட்டுப்போன பருத்திக் கிட்டங்கியை, அந்தப் பழைய குடோனை, கூட்டிப் பெருக்கி, "இது இனிமே பிள்ளைகள் காப்பகம், லாபத்துக்கு இல்ல" என்றபோது ஊரே சிரித்தது. ஆனால் நூல் மில்லுக்குப் போன எங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. காலை ஆறு மணிக்கு மில் வேன் வந்துவிடும். அங்கன்வாடி திறப்பதற்குள் ஷிப்டில் பாதி ஓடிவிடும். நான் அப்போது கைப்பிள்ளைக்காரி. "பிள்ளையா, வேலையா, முடிவு பண்ணிட்டு வா" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அக்காவிடம் சொல்லி அழுதேன். "ரெண்டுந்தான்னு போய்ச் சொல்லு" என்றார். எவ்வளவு திமிர் பாருங்கள்! அந்தத் திமிர் எனக்கு அப்படிப் பிடித்துப்போனது.

ஜமாஅத்திலிருந்து அரிசி வந்தது, சர்ச்சிலிருந்து பாய். யாரோ ஒரு புண்ணியவான் புத்தம்புதுக் கம்பித் தொட்டில்கள் வாங்கித் தந்தார். அடேயப்பா, ஒரு பிள்ளையாவது கண்ணை மூட வேண்டுமே! கத்திய கத்தில் ரோட்டில் போன பஸ்ஸே நின்று பார்த்துவிட்டுப் போனது. "பிள்ள ஏங்கிப்போகும்க்கா" என்று பாதிப் பேர் பிள்ளைகளைக் கொண்டுவருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வீடாகப் போனார். "ஆளுக்கொரு சேலை குடுங்க, விட்டத்துல தொட்டில் கட்டுறேன்." எங்கள் கௌரவம் என்னாவது? பீரோவில் இருந்த நல்ல சேலையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தோம். ஒருத்தி முகூர்த்தப் பட்டையே கொடுத்தாள். அந்துருண்டை வாசனையில் பிள்ளைகள் தும்மித் தும்மி அழுதன.

அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "அடியே, பிள்ளை உங்கள மோந்து தூங்குமா, பீரோவ மோந்து தூங்குமா? நேத்து உடுத்துனதக் கொண்டாங்க, தொவைக்காம!"

"சீ, வேர்வை நாத்தம்க்கா. பஞ்சு வேற ஒட்டியிருக்கு."

"அந்த நாத்தந்தாண்டி அதுகளுக்கு அம்மா."

மறுநாள் ஷிப்ட் முடிந்து வேனில் திரும்பினோம். காப்பகத்திலிருந்து சத்தமே இல்லை. பிள்ளைகளுக்கு என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்த்தேன். ரோட்டின் நடுவில் கையை விரித்துக்கொண்டு அக்கா நிற்கிறார். டிரைவரிடம், "ஹாரன் அடிச்ச, கைய ஒடிச்சுப்புடுவேன்!" என்றார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். கிட்டங்கி முழுக்க எங்கள் அழுக்குச் சேலைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை, அசந்து தூங்குகிறது! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், அழுதோம், ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டோம். அப்படியொரு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் கண்டதில்லை. பின்னாளில் மில்லை விட்டுவிட்டு அக்காவிடமே வேலைக்குச் சேர்ந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியுமுன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். வந்தார்கள்! வீங்கிய கண்ணோடு ஒருத்தி விடாமல் வந்தார்கள். கடைசியாகப் பரளச்சியிலிருந்து புதிதாக ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு.

"மும்தாஜ் அக்கா இருக்காகளா? அவுககிட்டதான் விடணும்னு சொன்னாக."

விஷயத்தைச் சொன்னேன். குழந்தையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். வெளியே வேன் உறுமிக்கொண்டு நின்றது.

அக்கா யாரிடமும் முதலில் பேர் கேட்டதில்லை, ஊர் கேட்டதில்லை, என்ன ஆளுகள் என்று கடைசிவரை கேட்டதில்லை. முதலில் இரண்டு கையையும் நீட்டிவிடுவார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

நீட்டினேன். "குடு தாயி. வேன் போயிரும்."

கொடுத்துவிட்டு ஓடினாள்.