நடுச்சுவருக்கு அந்தப் பக்கம்

நோர்வூட் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் வினோதா, தன் வீடு அட்டன் டவுனில் என்று சொல்லிவைத்திருந்தாள். அந்தி சாய்ந்தால் அவள் போய்ச் சேர்வதென்னவோ தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், அம்மா வீரம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவுக்குத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை! லயத்துப் பிள்ளை என்று தெரிந்தால் மற்ற ஆசிரியர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்களே என்ற பயம்.

முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் அது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அவளுடைய மாணவி சுலக்ஷனா. டீச்சர் அங்கே இருப்பதைப் பற்றி அவள் பள்ளிக்கூடத்தில் மூச்சு விட்டதில்லை.

அன்று யாழ்ப்பாணத்து ஆசிரிய ஆலோசகர் குகநேசன் பாடத்தைப் பார்வையிட வகுப்பின் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்தார். வினோதா பலகையில் நேர்குத்தாகக் கோடு இழுத்து, வலப்பக்கம் மூன்று கட்டம் தள்ளி ஒரு புள்ளி வைத்தாள்.

"இதோட தெறிப்பு, கண்ணாடியில தெரியுற மாதிரி, இந்தப் பக்கம், அதே உயரத்துல, அதே மூணு கட்டம் தள்ளி. இதுக்கு நம்ம ஊர்ல இருந்து ஒரு உதாரணம் சொல்லுங்க."

சுலக்ஷனா துள்ளி எழுந்தாள். "எங்க லயம் டீச்சர்! நடுச்சுவருதான் கோடு. இந்தப் பக்கம் எங்க அடுப்பு எவ்வளவு தள்ளி இருக்கோ, அந்தப் பக்கம் டீச்..."

வினோதா சட்டென்று குறுக்கிட்டாள். "லயமா? அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? உருப்படியா ஒண்ணு சொல்லு!"

பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. "தப்பா சொல்லிட்டேங்க டீச்சர்" என்று உட்கார்ந்தாள்.

"ஏன் பிள்ளை இருந்திட்டீர்? நல்ல உதாரணமெல்லோ?" என்றார் குகநேசன்.

சுலக்ஷனா டீச்சரை ஒரு தரம் பார்த்தாள். "இல்லங்க சேர், தப்புதான்."

என் மானத்தைக் காக்க ஒரு பிள்ளை சரியான விடையையே விழுங்குகிறாளே! வினோதாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். சீ, என்ன பிழைப்பு இது!

சாயந்தரம் வீரம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். "பின்வீட்டுப் புள்ள வந்ததுல இருந்து அழுவுதாம். என்னடி நடந்துச்சு?"

வினோதா நடுச்சுவரைப் பார்த்தாள். உப்போ தீப்பெட்டியோ வேண்டுமென்றால் அம்மா தட்டிக் கேட்கும் சுவர் அது. அடுப்போரம் போய்த் தானும் தட்டினாள்.

"சுலக்ஷனா... நீ சொன்னது சரிதாம்மா."

அந்தப் பக்கமிருந்து, சுவரோடு வாயை வைத்துப் பேசுவது போல மெல்லக் கேட்டது:

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க டீச்சர்."