தலையில்லாச் சுறாக்கள்

கடலுக்கு எட்டாத மலைநாட்டு மாத்தளைக்குச் சுறா தலையில்லாமல்தான் வரும். துண்டு போட்டு, உப்பிட்டு, சாக்கில் கட்டிய கருவாடாக. அதனால், சுறாக் கருவாடு விற்றே எங்களைக் காப்பாற்றிய மூத்த அண்ணன், எங்கள் நானா, ஒரு சுறாவின் வாயைக் கண்டதேயில்லை. அந்த லட்சணத்தில்தான் சுறாப் பல் ஆராய்ச்சியில் இறங்கினார்.

புத்தளத்துக்குக் கருவாட்டு மூட்டை எடுக்கப் போனவர், அங்கே சுண்ணாம்புக்கல் உடைக்கும் சினேகிதர் தந்ததென்று ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். கல்லாகிப்போன பற்கள். சுறாவுக்கு எலும்பு கிடையாது, நம் காதுமடலில் இருப்பதுபோல் குருத்துதான். அது மக்கிவிடும், பல் மட்டும் மிஞ்சும் என்று எங்கோ வாசித்திருந்தார். மத்தியானம் சந்தை ஓய்ந்ததும் கருவாட்டுத் தட்டில் அவற்றைப் பரப்புவார். ஊசியாய் மெலிந்தது வழுக்கும் மீனைக் குத்திப் பிடிக்க. அரம்போல் ஓரமுள்ள அகலப் பல் இறைச்சியை அறுக்க. தட்டையானது சிப்பியை நொறுக்க. வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். கண் சொருக, "அந்தக் காலத்துல கடல் நெலத்துக்கு மேல இருந்திச்சு தங்கச்சி" என்பார். எனக்கும் கடை மெல்ல மிதப்பதாகத் தோன்றும். வடிவத்துக்கு ஒன்றாகப் பதினொரு சாதிச் சுறா என்று எண்ணி, சந்தை முழுக்கச் சொல்லியும் வைத்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர் என்று இனி யாரும் இளக்காரமாகப் பேசமாட்டார்கள் என்று நம்பினார், பாவம்.

புதைபடிவங்களைப் பற்றிப் படித்த ஒரு மிஸ் கண்டியிலிருந்து பார்க்க வந்தார். மெலிந்த பற்களையும் அகலமானவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார். "நானா, மேல்தாடைப் பல்லு அகலம், கீழ்த்தாடைப் பல்லு மெல்லிசு. இதெல்லாம் ஒரே சாதிதாங்க." பதினொன்று நான்காயிற்று. ஒரு பொட்டலத்தில் நாலு சாதி கிடைப்பதே பெரிய விஷயம் என்று அவர் சொன்னது எங்கள் காதில் ஏறவில்லை. எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. நானா தேத்தண்ணீரைத் தொடவேயில்லை.

மறுநாள் காலை, எதிர்க்கடைக்காரர் எல்லோர் முன்னிலையிலும் எத்தனை சாதி என்று கேட்டார். பதினொன்று என்றே சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் தவித்தேன். நானா தட்டை முன்னே இழுத்தார். பற்களை மேலும் கீழுமாக, ஒரு வாயின் வளைவில் அடுக்கியிருந்தார்.

"நாலுதான். நான் பிழையா எண்ணிட்டேன்," என்றார். "எப்படிப் பிழை விட்டேன்னு வந்து பாருங்க."

நானா இப்போது இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிழை விட்டால், கரும்பலகையைத் துடைக்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். அன்று அவர் குரல் நடுங்கவில்லை. என் குரல் இன்னும் நடுங்குகிறது.